புதுச் செயின் போட்டும் கியர் வழுக்குகிறதா? பழைய செயினைத் தேடி எடுத்து அளந்து பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ஆரையம்பதியில் இருந்து மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் தினமும் வேலைக்குப் போய் வருகிறீர்கள். வண்டி, மாமா ஜேர்மனியில் இருந்து அனுப்பிய பாவித்த மின் மலைச் சைக்கிள். நடுவில் ஷிமானோ இ8000 மோட்டர், பின்னால் 11 கியர், 29 அங்குலச் சில்லு. நின்று புறப்படும்போதும் பாலத்தில் ஏறும்போதும் சின்னப் பற்சக்கரங்களில் செயின் 'டக், டக்' என்று வழுக்குகிறது. கடையில் புதுச் செயின் பூட்டினார்கள், வழுக்கல் கூடிவிட்டது. இடைக்கிடை திரையில் டபிள்யூ013 என்று வந்து மோட்டர் உதவ மறுக்கிறது. இப்போது ஒருவர் 12 கியருக்கு மாற்று என்கிறார், இன்னொருவர் பெரிய மோட்டர் போடு என்கிறார், எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மேம்படுத்தல் என்று எழுதியிருந்தாலும் நீங்கள் அறிய விரும்புவது இந்த வண்டிக்கு இனிக் காசு போடலாமா என்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது. போடலாம். ஆனால் அவர்கள் சொல்கிற இடத்தில் அல்ல.

நான் கட்டாரில் எட்டு வருடம் ஒரு சைக்கிள் வேர்க்ஷொப்பில் இருந்துவிட்டு வந்து களுவாஞ்சிக்குடியில் சின்னதாக ஒரு கடை வைத்திருப்பவன். செயின், கியர், சில்லு, பிறேக் இவற்றில் எனக்குக் கைப்பழக்கம் உண்டு. மோட்டரின் வயிற்றைத் திறப்பதும் பற்றரிக்குள் கை வைப்பதும் என் வேலை இல்லை, அதை நான் செய்வதும் இல்லை. வண்டியைப் பார்க்காமல், நீங்கள் எழுதிய நாலு வரியை வைத்துத்தான் பேசுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் ஏறக்குறைய உறுதியாகச் சொல்லக்கூடியது: உங்கள் கசெட்டின், அதாவது பின் சில்லில் இருக்கும் பற்சக்கரக் கூட்டத்தின், சின்னப் பற்சக்கரங்கள் தேய்ந்துவிட்டன. 'புதுச் செயின் போட்டபின் கூடிவிட்டது' என்ற அந்த ஒரு வரியே போதும். செயினில் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடையில் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஓட ஓட ஊசியும் அது சுழலும் துளையும் தேய்ந்து ஒவ்வொரு கண்ணியும் மயிரளவு தள்ளிப்போகும். இரும்பு இழுபட்டு நீள்வதில்லை, தேய்மானந்தான் நீளமாகத் தெரிகிறது. அப்படி நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் சற்று மேலே ஏறி ஏறி உட்காரும். அந்த இடத்தைப் பல்லிலும் தேய்த்துத் தன் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். கிழட்டுச் செயினும் கிழட்டுப் பல்லும் இப்படி ஒன்றுக்கொன்று ஒத்துப்போய் ஓடிக்கொண்டிருக்கும், இடைக்கிடை ஒரு 'டக்' போடுவதோடு சரி. நீங்கள் செயினை மட்டும் மாற்றியதும் சரியான 12.7 இடைவெளியுள்ள புதுக் கண்ணிகள் அந்தத் தேய்ந்த பற்களில் வந்து விழுகின்றன. முழுப் பாரமும் ஒன்றிரண்டு பல்லில் மட்டும் தங்குகிறது. மிதித்ததும் செயின் ஏறித் தாண்டுகிறது.

கடைக்காரர் செய்தது பெரிய குற்றம் இல்லை. சாதாரணச் சைக்கிளில் நாங்கள் எல்லோரும் பழகியது அதுதான். நடு மோட்டர் வண்டி வேறு சாதி. பின் சில்லுக்குள் மோட்டர் இருக்கும் வண்டியில் மோட்டரின் பலம் செயினுக்கு வராது. உங்களுடையதில் மோட்டர், உங்கள் கால் இரண்டும் சேர்ந்து அந்த ஒரே செயினைத்தான் இழுக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். சமதரையில் ஒரு ஆள் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்து 150 வாட் கொடுத்தால், மிதியில் சராசரி முறுக்குவிசை சுமார் 20 நியூட்டன் மீட்டர். 34 பல்லுள்ள முன் சக்கரத்தில் அது செயினுக்கு ஏறக்குறைய 30 கிலோ இழுவை. இ8000 மோட்டர் முழுப் பலத்தில் 70 நியூட்டன் மீட்டர் தரும். இரண்டும் சேர்ந்தால் 130 கிலோவைத் தாண்டுகிறது. பின்னால் 46 பல்லுச் சக்கரத்தில் செயின் கிடந்தால் இருபதுக்கு மேற்பட்ட பற்கள் அந்தப் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். 11 பல்லில் கிடந்தால் ஐந்தோ ஆறோ.

இங்கேதான் நம்முடைய ஊர் வருகிறது. மட்டக்களப்பில் மலை எங்கே இருக்கிறது? குடும்பிமலை வரை போனால் உண்டு. மற்றப்படி வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் தட்டைத் தரை, வாவி, வயல் வட்டை. ஜேர்மனியில் இந்த வண்டியை ஓட்டியவர் மலை ஏறப் பெரிய பல்லுகளைப் பாவித்திருப்பார். நாமோ மோட்டர் இழுக்கிறதே என்று ஆகக் கடைசிக் கியரில், 11 பல்லில் போட்டுவிட்டு, அதிலேயே நின்று அதிலேயே புறப்படுகிறோம். என்னிடம் வந்த நடு மோட்டர் வண்டிகள் ஒவ்வொன்றிலும் பெரிய சக்கரங்கள் வாங்கிய நாளில் இருந்த மாதிரி மினுங்கும், சின்னச் சக்கரங்கள் மூன்றும் போயிருக்கும்.

ஊகத்தில் விடாமல் அளந்தே பாருங்கள். கடையில் கழற்றிய பழைய செயினைக் கேட்டு வாங்குங்கள். எறிந்திருக்க மாட்டார்கள், எங்கள் கடைகளில் எதுதான் எறியப்படுகிறது? மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு ஆணியில் தொங்கவிட்டு, கீழே இழுத்துப் பிடித்தபடி இரும்பு அடிமட்டத்தை வையுங்கள். ஒரு ஊசியின் நடுவை பூச்சியத்தில் வைத்தால், 24 கண்ணி தள்ளி இருக்கும் ஊசியின் நடு சரியாக 12 அங்குலத்தில் வரவேண்டும். பதினாறில் ஒரு அங்குலம், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் அளவு தாண்டியிருந்தால் அந்தச் செயினை அப்போதே மாற்றியிருக்க வேண்டும், கசெட் தப்பியிருக்கவும் கூடும். எட்டில் ஒரு அங்குலம் தாண்டியிருந்தால் கசெட்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது, அதற்கு மேல் பேச்சில்லை. பிறகு ஃபோன் டோர்ச்சைப் பின்னால் பிடித்து 11, 13, 15 பல்லுச் சக்கரங்களைப் பக்கவாட்டில் பாருங்கள். நல்ல பல்லுக்கு இரண்டு பக்கமும் சரிவு ஒத்திருக்கும். தேய்ந்த பல்லில் ஒரு பக்கம் குழிந்து, நுனி வாள் பல்லைப் போல ஒரு திசைக்குச் சாய்ந்திருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். செயின் எளிதாக மாறுவதற்காகக் கம்பனியே சில பற்களைக் குட்டையாகவும் கோணலாகவும் வெட்டியிருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். எல்லாப் பற்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்தான் தேய்மானம்.

இனி, எனக்குச் சந்தேகமாக இருப்பவை. முதலில் மோட்டரை அணைத்துவிட்டு அதே சின்னக் கியரில் எழுந்து நின்று ஓங்கி மிதியுங்கள். அப்போதும் வழுக்கினால் மோட்டரில் குற்றம் இல்லை. வழுக்கிய கையோடு குனிந்து பாருங்கள்: செயின் அதே சக்கரத்தில் இருக்கிறதா, பக்கத்துச் சக்கரத்துக்குத் தாவிவிட்டதா? அதே சக்கரத்தில் இருந்தால் தேய்மானம். தாவியிருந்தால் கியர்க் கம்பியும், டிரெயிலியர் (பின்னால் செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் பகுதி) தொங்கும் ஹேங்கரும் சந்தேகத்துக்கு வருகின்றன. எந்தக் கியரில் போட்டாலும் மூன்று மூன்றரைச் சுற்றுக்கு ஒரு தடவை, தாளம் தப்பாமல் 'டக்' என்றால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. 116 கண்ணிச் செயின் 34 பல்லில் ஒரு முழு வலம் வர அவ்வளவு சுற்றுத்தான் எடுக்கும். மிதியை மெல்லப் பின்னோக்கிச் சுற்றினால் அந்தக் கண்ணி டிரெயிலியரின் குட்டிச் சில்லில் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். செயின் பல்லில் ஏறாமல் மிதி மட்டும் சும்மா முன்னே விழுந்தால் பிறீஹப்புக்குள் (பின் சில்லின் நடுவில் கசெட் பூட்டும் பகுதி) இருக்கும் நாக்குகள் பிடிக்கவில்லை, உப்புத் தண்ணீர் போயிருக்கும் அல்லது யாரோ தடித்த கிறீசை அப்பியிருப்பார்கள். இன்னொன்று, பூட்டிய புதுச் செயின் உண்மையிலேயே 11 கியருக்கு உரியதா என்று பாருங்கள். அதன் வெளி அகலம் ஐந்தரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 8 கியர்ச் செயின் 7 மில்லிமீட்டர், அது இந்தக் கசெட்டில் பக்கத்துப் பல்லை உரசிக்கொண்டே ஓடும்.

ஹேங்கர் என்றால் டிரெயிலியர் தொங்கும் அந்தச் சிறிய அலுமினியக் காது. விழுந்தால் சட்டகத்துக்குப் பதிலாகத் தான் வளைய வேண்டும் என்றே மெல்லியதாகச் செய்திருப்பார்கள். பெட்டியில் கடல் கடந்து வந்த வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எட்டு வண்டி வந்தால் ஐந்தில் வளைந்திருக்கும் என்று என் கைக்கணக்கு. பின்னால் இருந்து பார்த்தால் இரண்டு குட்டிச் சில்லும் மேலே இருக்கும் பற்சக்கரமும் ஒரே நிலைக்கோட்டில் நிற்க வேண்டும். இதை அளக்க ஒரு கருவி இருக்கிறது, இங்கே எல்லாரிடமும் கிடையாது. அதற்கு ஒரு குறுக்கு வழி: டிரெயிலியரைக் கழற்றிவிட்டு, விரைவுப் பூட்டு உள்ள வேறொரு பின் சில்லின் அச்சை அந்தக் காதின் துளையில் திருகுங்கள். இரண்டிலும் 10 மில்லிமீட்டர் தடிப்பு, 1 மில்லிமீட்டர் புரிதான். இப்போது இரண்டு சில்லு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். றிம்முக்கும் றிம்முக்கும் இடைவெளி மேலே, கீழே, முன்னே, பின்னே ஒரே அளவாக இருந்தால் காது நேர். இல்லாவிட்டால் அந்தச் சில்லையே பிடித்து மெல்ல மெல்ல நிமிர்த்தலாம். நட்டுப் பூட்டும் உள்ளூர்ச் சைக்கிள்களின் பின் அச்சில் புரி வேறாக இருக்கலாம். கையால் சுகமாகத் திருகுப்படாவிட்டால் விட்டுவிடுங்கள், பலாத்காரம் பண்ணினால் காதின் புரி போய்விடும்.

கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடற்கரை ஊரில் கியர்க் கம்பி வெளியே மினுங்கும், உறைக்குள் துருப்பிடித்திருக்கும். மாற்றுவது மலிவு. ஆனால் கடையில் பிறேக் உறையைக் கியருக்கு வெட்டிப் பூட்டிவிடுவார்கள், கட்டாரிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். உறையின் வெட்டிய நுனியைப் பாருங்கள். சுற்றிவர மெல்லிய கம்பி நுனிகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கியருக்கு உரியது. ஒரு சுருள் கம்பி மட்டும் தெரிந்தால் பிறேக்குக்கு உரியது. அது அழுத்தத்தில் சற்றுச் சுருங்குவதால் கியர் ஒருபோதும் குறித்த இடத்தில் நிற்காது. மறுபக்கமாகச் செய்வது இன்னும் மோசம். கியர் உறையைப் பிறேக்குக்குப் போட்டால் ஓங்கிப் பிடிக்கும்போது வெடித்துப் பிரிந்துவிடும்.

டபிள்யூ013 பயப்படும் விடயம் இல்லை. ஸ்விச் போடும் கணத்தில் மோட்டர் தன் முறுக்கு உணரியைப் பூச்சியத்தில் வைத்துக்கொள்ளப் பார்க்கும். அந்த நேரம் உங்கள் கால் மிதியில் இருந்தால் பாரத்தைப் பூச்சியம் என்று எடுக்க முடியாமல் இந்த எச்சரிக்கையைக் காட்டும். அணைத்து, இரண்டு காலையும் நிலத்தில் வைத்து, மறுபடி போடுங்கள். டபிள்யூ011 என்று வந்தால் கதை வேறு: வேகம் வாசிக்கப்படவில்லை, பின் சில்லுக் கம்பியில் பூட்டிய காந்தம் நகர்ந்திருக்கும். கால் வைக்காமலும் 013 திரும்பத் திரும்ப வந்தால் அது என் எல்லைக்கு அப்பால், ஷிமானோவின் கணினி மென்பொருள் வைத்திருக்கும் இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

சரி, காசு எதற்கு? முதல் செலவு கசெட். உங்களுடையது எக்ஸ்டி எம்8000 வரிசையின் 11–46 என்றால் முழுவதையும் வாங்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அதில் பற்கள் 11, 13, 15, 17, 19, 21, 24, 28, 32, 37, 46 என்று போகும். பெரியவை ஒன்றாகப் பிணைத்தவை, சின்னவை தனித்தனியாகக் கழரும் இரும்புச் சக்கரங்கள். அதே வரிசையின் சின்னச் சக்கரங்களை மட்டும் வாங்கியோ, பாவித்த கசெட் ஒன்றில் இருந்து எடுத்தோ மாற்றலாம். பெரியவை நல்லாயிருந்தால் அவை இன்னும் பல வருடம் ஓடும். பூட்டு வளையத்தை 40 நியூட்டன் மீட்டரில் இறுக்கச் சொல்லுங்கள். நீளமான ஸ்பனரில் நன்றாக ஒரு பிடி பிடித்தால் அந்த அளவு வரும். முன் பல்சக்கரம் அலுமினியமாக இருந்து அதுவும் சாய்ந்திருந்தால், இரும்பில் ஒன்று போடுங்கள். கொஞ்சம் பாரம்தான், மோட்டர் வண்டிக்கு அது ஒரு பொருட்டா?

12 கியர் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், அதில் பிடிவாதமாகவே இருக்கிறேன். 10 பல்லில் தொடங்கும் கசெட்டுகளுக்குப் பிறீஹப்பையே மாற்ற வேண்டும். அதற்கு மேல் செயின், டிரெயிலியர், கைபிடியில் கியர் மாற்றும் ஷிஃப்டர் எல்லாம் புதிது. அத்தனையும் செய்தால் கிடைப்பது உங்களுடையதைவிடச் சின்னதான ஒரு 10 பல்லும், கொக்கட்டிச்சோலைப் பாதையில் ஒருநாளும் தேவைப்படாத ஒரு 50 பல்லும். செயினும் மெலிந்துவிடும். ஸ்ராம் கம்பனி 2016இல் மின் மலைச் சைக்கிளுக்கென்றே கொண்டுவந்த இஎக்ஸ்1 தொகுதியில் வெறும் 8 கியர்தான் வைத்தார்கள், ஒரு சொடுக்குக்கு ஒரு கியர் மட்டும் மாறும்படி. ஷிமானோ 2021இல் லிங்க்கிளைட் என்று தடித்த பற்களுள்ள ஒரு வரிசையை விட்டது. பழைய கசெட்டைவிட மூன்று மடங்கு உழைக்கும் என்று கம்பனி சொல்கிறது. அந்த மூன்று மடங்கை நம்பச் சொல்ல மாட்டேன், ஆனால் பல்லைக் கையில் பிடித்துப் பார்த்தால் தடிப்பு தெரிகிறது. பிறீஹப் மாற்றத் தேவையில்லை. ஆனால் சக்கரங்களின் இடைவெளி வேறு என்பதால் ஷிஃப்டரும் டிரெயிலியரும் அதே வரிசையில் வேண்டும், உங்கள் பழையவற்றோடு கலந்தால் ஓடாது. எப்போதாவது முழுத் தொகுதியையும் மாற்றும் நாள் வந்தால் அந்தப் பக்கம் போங்கள். இன்று அவசியமில்லை.

பெரிய மோட்டர் என்பதும் வீண் பேச்சு. நடு மோட்டர் பொருந்தும் இடம் சட்டகத்தோடு சேர்த்தே வார்த்தது, வேறு கம்பனி மோட்டரைக் கொண்டுவந்து பூட்ட முடியாது. பூட்ட முடிந்தாலும் கூடுதல் பலம் முழுவதும் அந்த ஐந்து பல்லில்தான் போய் விழும்.

அதைவிடக் காசே இல்லாத மேம்படுத்தல் ஒன்று உண்டு: கியரைப் பாவிக்கும் விதம். 29 அங்குலச் சில்லில் 25 கிலோமீட்டர் வேகத்தில் 11 பல்லில் போனால் உங்கள் கால் நிமிடத்துக்கு 60 சுற்றுக்கூடச் சுற்றாது. அதே வேகத்தில் 15 பல்லில் போட்டால் 80 சுற்று வரும். மோட்டருக்கும் அது சுகம், செயினுக்கும் சுகம், பற்றரியும் கொஞ்சம் கூட ஓடும். நிற்கப் போகும்போதே மூன்று நான்கு கியர் இறக்கிவிட்டு நில்லுங்கள். கியர் மாற்றும் அந்த அரைச் சுற்றுக்கு மட்டும் மிதியில் பாரத்தைத் தளர்த்துங்கள். உங்கள் மோட்டர் கால் அழுத்தத்தைப் பார்த்துத்தான் இழுப்பதால் அதுவும் தானாகத் தளர்ந்துவிடும். மோட்டர் ஆகக் கூடுதலாக உதவும் பூஸ்ட் நிலையில் முழுப் பாரத்தோடு கியர் மாற்றும்போது கேட்கும் அந்த 'கடார்' சத்தம் பல் உடையும் சத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் படுவான்கரைக் கிரவல் புழுதியில் ஓடுகிறவருக்குச் சொல்லாமல் விட முடியாது. என்ஜின் ஓயிலை ஊற்றினால் புழுதியோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களில் நான் மெழுகுக்கு மாறிவிடுவேன். செயினைக் கழற்றிச் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு சட்டியில் பரபின் மெழுகை உருக்கி, அதில் பத்து நிமிடம் ஊறவிட்டு எடுத்தால் சரி. நேரடி நெருப்பில் உருக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். தொட்டால் கை கறுக்காது, மண்ணும் ஒட்டாது. மாரியில் மெழுகு நிற்காது, அப்போது சைக்கிளுக்கென்று விற்கும் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு துளி விட்டு, வெளியில் நிற்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். டிஸ்க் பிறேக் தட்டில் ஒரு சொட்டும் படக்கூடாது. புதுச் செயினை மாதம் ஒரு முறை அடிமட்டத்தில் பிடித்துப் பாருங்கள், அந்தப் பதினாறில் ஒன்று வந்த அன்றே மாற்றினால் ஒரு கசெட்டில் மூன்று செயின் ஓட்டலாம்.

முதலில் அந்தப் பழைய செயின் கிடைக்கிறதா பாருங்கள். 24 கண்ணிக்கு அளவு எவ்வளவு வந்தது, மோட்டரை அணைத்து மிதித்தபோது எந்தெந்தப் பல்லில் வழுக்கியது, இந்த இரண்டையும் இங்கேயே எழுதுங்கள். 11, 13, 15 மூன்றில் மட்டும் என்றால் நான் சொன்ன சின்னச் சக்கரங்களைத் தேடத் தொடங்கலாம். 24, 28இலும் வழுக்கினால் நான் எழுதியதில் பாதியைத் திரும்ப யோசிக்க வேண்டி வரும்.